நேராக்கின வாய்

மேல வைக்க வேணாம் சார், மடியிலேயே இருக்கட்டும். உங்க முட்டியில இடிச்சா சொல்லுங்க, நான் இப்படித் திருப்பிக்கறேன். படம்தான். நான் போட்டது. ஆயில் பெயின்ட் பாருங்க, தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ளே காஞ்சிருக்காது. அதனாலதான் துணி படாம அட்டைக்கு நடுவுல குச்சி கொடுத்துக் கட்டியிருக்கேன். மேல வச்சா எவனாவது பையைத் தூக்கி அது மேல போடுவான். நம்ம ஜனங்களுக்குப் படம்னா என்ன, பலாப்பழம்னா என்ன.

நான் தேவகோட்டையில இறங்கணும். நீங்க? காரைக்குடியா. சரி, அதுவரைக்கும் துணை ஆச்சு.

நான் நெடுஞ்சாலைத் துறையில டிராப்ட்ஸ்மேன். ரிட்டையர் ஆயிட்டேன். ரோடு, பாலம், மதகு, இதெல்லாம் ஸ்கேல் வச்சுக் கோடு போட்டே காலம் போச்சு. ஆனா மனசு பூரா முகம் சார். முகம் வரையறது. வாலிபத்துலேர்ந்து அதே பைத்தியம். யார்கிட்டயும் போய்க் கத்துக்கலை. பெரியவங்க போட்ட படத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்பப் போடறது, அதுதான் பயிற்சி. வெளிநாட்டுல அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டாங்க. இதை நகல்னு சொல்லிடாதீங்க. எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவா, எனக்குச் சுருக்குனு இருக்கும். நகல் வேற, ஸ்டடி வேற. நகல் எடுக்கறவன் படத்தைத் திருடறான். ஸ்டடி பண்றவன் கையைப் பழக்கறான்.

ஹாலந்துக்காரர் ஒருத்தர், முன்னூறு முன்னூத்தம்பது வருஷம் முந்தி இருந்தவர், ஒரு கிழவி முகம் போட்டிருக்கார். வெள்ளைத் தொப்பி, கழுத்தைச் சுத்தி மடிப்பு மடிப்பா ஒரு துணி. அந்த ஒரே கிழவியை நான் எத்தனை தடவை போட்டிருக்கேன்னு எனக்கே தெரியாது. அந்தம்மா கீழ் இமையில ஒரு ஈரம் இருக்கும் பாருங்க, ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். அது வர்றதுக்கே எனக்கு ஒரு மழைக்காலம் போச்சு. அப்புறம் இத்தாலிக்காரன் போட்ட ஒரு தையல்காரன், ஸ்பெயின்காரன் போட்ட ஒரு பாதிரியார். எங்க ஹால்ல வந்து நின்னீங்கன்னா ஐரோப்பாவே உங்களைப் பார்க்கும்.

நான் ஒரு முறை வச்சிருக்கேன். படத்தைத் தலைகீழா மாட்டிட்டு, கான்வாஸையும் தலைகீழா வச்சுப் போடுவேன். ஏன்னு கேளுங்க. நேரா வச்சா இது கண்ணு, இது மூக்குன்னு மனசு முந்திக்கும். ஆளைப் பார்க்க ஆரம்பிச்சிடுவோம். தலைகீழா வச்சா வெறும் நிழல், வெறும் கோணம். மனசு ஏமாறாது. கை சுத்தமா வேலை செய்யும்.

இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யற மனுஷன் போய்ச் சேர்ந்த இடத்தைக் கேளுங்க. எங்க ஊர் புத்தூர்ல ஒரு கல்யாண மண்டபத்து மாடியில ஞாயித்துக்கிழமை ஓவியர் கூட்டம்னு ஒண்ணு கூடுது. நம்ம மாதிரி ஆளுங்க இருப்பாங்களேன்னு போனேன். சீ. நடுவுல ஒரு நாற்காலி. அதுல யாரையாவது உட்கார வைப்பாங்க, வாட்ச்மேன், பூக்காரம்மா, யார் கிடைச்சாலும். சுத்தி உட்கார்ந்து எல்லாரும் வரைவாங்க. உட்கார்ந்த ஆள் சும்மா இருக்குமா? இருமும், சொறியும், போன் வந்தா பேசும். இவங்களும் கூடப் பேசிக்கிட்டே வரைவாங்க. நடுவுல பஜ்ஜி வரும். பஜ்ஜி தின்ன கையோட பிரஷ்ஷைப் பிடிப்பாங்க, அந்த எண்ணெயும் இந்த எண்ணெயும் கலந்து ஒரு நாத்தம். முடிஞ்சதும் ஒருத்தர் படத்தை ஒருத்தர் பார்த்து, ஆகா பிரமாதம். ஒரு காது கூட ஒழுங்கா இருக்காது சார். என் கிழவியைக் கொண்டு போய்க் காட்டினேன். பார்த்தாங்க. "நல்ல பொறுமை சார் உங்களுக்கு"ன்னு ஒருத்தன் சொன்னான். பொறுமையாம். பாம்பாட்டியைப் பார்த்து நல்ல கூடைன்னு சொல்ற மாதிரி.

அதுல ரெஜினான்னு ஒரு டீச்சர். கான்வென்ட்ல டிராயிங் சொல்லிக் கொடுக்கற அம்மா. நாற்பது நாற்பத்தஞ்சு இருக்கும். படம் போட்டா சேலையில பாதிப் பெயின்ட் இருக்கும். கட்டை விரலால தேய்ப்பா. விரல் ரேகை அப்படியே முகத்துல தெரியும். கேட்டா, "இருக்கட்டும் சார், நான் தொட்டேன்னு தெரியட்டுமே" அப்படிம்பா. அந்தம்மா படத்தைப் பார்த்தா எனக்கு யாரோ எச்சில் தட்டை நீட்டின மாதிரி இருக்கும். அவளாலதான் இவ்வளவும்.

எங்க வீட்ல பேர் மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்பிடறது. நல்ல முகம், நான் சொல்லக் கூடாது, லட்சணமான முகம். கல்யாணம் ஆன புதுசுல கேட்டா, "என்னை ஒரு படம் போடுங்களேன்"னு. கை பழகட்டும்னேன். நியாயம்தானே? பழகாத கையால பொண்டாட்டி முகத்தைக் கெடுக்கறதா? அப்புறம் எப்பவாவது கேட்பா, பையன் பிறந்தப்ப ஒரு தடவை, வீடு கட்டிக் குடி போனப்ப ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் உண்மையைத்தான் சொன்னேன், இன்னும் கை வரலைன்னு. அவளும் விட்டுட்டா.

ஒரு மார்கழியில காலையில காபி குடிக்கறா, வாயோட ஓரத்துல வழியுது. வழியறது அவளுக்கே தெரியலை. "என்னங்க, என் முகத்தைப் பாருங்க, என்னமோ மாதிரி இருக்கு"ன்னா. பார்த்தேன். ஒரு பக்கம் தொங்கிப் போச்சு. அந்தப் பக்கத்துக் கண்ணு மூட மாட்டேங்குது. டாக்டர்கிட்ட ஓடினோம். பக்கவாதம் இல்லை, பயப்படாதீங்க, இது முகவாதம், நரம்பு வீக்கம், முக்கால்வாசிப் பேருக்குத் தானா சரியாயிடும்னார். மாத்திரை கொடுத்தார். பலூன் ஊதச் சொன்னார். கரண்ட் வைக்கிற இடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவளும் கண்ணாடி முன்னால உட்கார்ந்து பலூன் ஊதுவா. காத்து ஓரமாப் புஸ்ஸுனு போயிடும். சரியாச்சு, ஆனா முழுசா ஆகலை. வாய் கோணல் நின்னு போச்சு. சிரிச்சா அந்தக் கண்ணு தானா சுருங்கும்.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன. எனக்குச் சாப்பிடும்போது எதிர்ல உட்கார முடியலை. குத்தம் சொல்லலை சார், பாவம், அவ என்ன செய்வா. ஆனா என் கண்ணு பழகின கண்ணு. ஒரு கோடு அரை நூல் தப்பினாலே எனக்கு உறுத்தும். சோத்துப் பருக்கை ஓரத்துல நிக்குது, அவளுக்குத் தெரியலை, எனக்குக் குமட்டுது. அதனால என் தட்டை நான் படம் போடற ரூமுக்கே எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். வேலையும் ஆகும். அவ அடுப்படியில சாப்பிட்டுக்குவா. ஒரு சண்டை, ஒரு வார்த்தை கிடையாது. அவ்வளவு நாசூக்கா நடந்துக்கிட்டேன்.

அவ வெளியே போறதை நிறுத்திட்டா. கோயிலுக்குப் போனாலும் முந்தானையை எடுத்து வாய் மேல வச்சுக்குவா. அவ தம்பி வீட்ல வளைகாப்பு வந்தது, போகலை. அப்ப ஒரு நாள், நான் அந்தப் பாதிரியாரைப் போட்டுக்கிட்டு இருக்கேன், கதவுகிட்ட வந்து நின்னு, "இப்பவாவது என்னைப் போடுங்களேன்"னா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இந்த நிலைமையிலயா? மனசு நோகாம, "சரியாகட்டும் மங்கை, சரியானதும் முதல் வேலை அதுதான்"னு சொன்னேன். நின்னா. அப்புறம் போயிட்டா. நானும் நல்லவிதமாச் சொல்லிட்டோம்னு இருந்தேன்.

இந்த ரெஜினா ஒரு நாள் வீட்டுக்கு வந்தா, என்கிட்ட இருக்கிற பெரிய படப் புத்தகத்தை இரவல் கேட்டு. மங்கை காபி கொண்டு வந்தா, முந்தானையை வாயில வச்சபடி. இந்தம்மா புத்தகத்தை மறந்துட்டு அவளையே பார்க்கறா. அடுத்தவங்க குறையை இப்படியா உத்துப் பார்ப்பாங்கன்னு எனக்குக் கூசிப் போச்சு. நான் புத்தகத்துக்கு அட்டை போட உள்ளே போனேன். திரும்பி வர்றதுக்குள்ள ரெண்டு பேரும் அடுப்படியில நின்னு என்னமோ பேசிக்கிட்டு இருந்தாங்க. பொம்பளைங்க பேச்சுன்னு விட்டுட்டேன்.

அதுக்கப்புறம் மங்கை வாரம் ஒரு நாள் மறுபடியும் கரண்ட் வச்சுக்கப் போறேன்னு போக ஆரம்பிச்சா. நல்லதுன்னு நினைச்சேன். சாயங்காலம் வருவா, முகத்துல ஒரு தெளிவு இருக்கும். கரண்ட் வேலை செய்யுதுன்னு கூட நான் சொன்னேன். அவ "ஆமாங்க, நல்லா வேலை செய்யுது"ன்னா.

அந்தக் கூட்டம் வருஷா வருஷம் ஒரு கண்காட்சி வைக்கும். நான் மூணு படம் கொடுத்திருந்தேன், கிழவி, தையல்காரன், பாதிரியார். நல்லாத் துடைச்சு, சட்டம் போட்டு, ஸ்கேல் வச்சு நேராக மாட்டிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டுப் போய் நிக்கறேன். என் சுவத்துப் பக்கம் யாரையும் காணோம். எதிர்ச் சுவத்துல கும்பல். என்னடான்னு போய் எட்டிப் பார்த்தா, எங்க வீட்ல.

மங்கை சார். அவ்வளவு பெரிசா. நாற்காலியில ஒரு காலை மடிச்சு உட்கார்ந்திருக்கா. முந்தானை தோள்ல இருக்கு, வாயில இல்லை. வாய் கோணல், அப்படியே கோணல். கண்ணு ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. சிரிக்கறா. பல்லு தெரியச் சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. கன்னத்துல அந்த ரெஜினாவோட கட்டை விரல் ரேகை.

எனக்குக் காது அடைச்சுப் போச்சு. பக்கத்துல ஒருத்தர், யாரோ மரக்கடைக்காரர், தன் சம்சாரத்தைக் கூப்பிட்டு, "இங்க பாரு, இந்தம்மாவைப் பார்த்தா நமக்கும் சிரிப்பு வருது"ங்கறார். என் பொண்டாட்டி வாயைப் பார்த்து ஊரே சிரிக்குது.

ரெஜினாவைத் தேடிப் பிடிச்சேன். "என்ன டீச்சர் இது?"

"முன்னாடியே சொல்லணும்னு நினைச்சேன் சார். அக்காதான் இருக்கட்டும், இங்கேயே வந்து பார்க்கட்டும்னாங்க."

"வாயை ஏன் இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க?"

"அக்கா வாய் அப்படித்தானே சார் இருக்கு."

"அது நாலு மாசத்துல சரியாப் போற விஷயம். நீங்க அதை நிரந்தரமாக்கிட்டீங்களே."

அந்தம்மா என்னையே ஒரு மாதிரி பார்த்தா. "ரெண்டு வருஷம் முடிஞ்சு போச்சு சார்"னா.

அதுக்குள்ள மங்கை வந்துட்டா. நல்ல பட்டுச் சேலை. தனியா ஆட்டோ பிடிச்சு வந்திருக்கா. நேராப் போய் அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே நின்னா. அந்த மரக்கடைக்காரர் சம்சாரம் படத்தையும் பார்க்குது, இவளையும் பார்க்குது, வந்து இவ கையைப் பிடிச்சுக்கிச்சு. நான் கிட்டப் போய் மெதுவா, "வா, போகலாம்"னேன்.

"நீங்க போங்க. நான் இருந்துட்டு வர்றேன்"னா.

கல்யாணம் ஆனதுலேர்ந்து அப்படி ஒரு பதில் நான் கேட்டதில்லை. நானே என் மூணு படத்தையும் கழட்டி எடுத்துக்கிட்டு வந்துட்டேன். கழட்டினதை யாரும் கவனிச்ச மாதிரியும் தெரியலை.

கண்காட்சி முடிஞ்சதும் ரெஜினா படத்தை மங்கைக்கே கொடுத்துட்டா. இவ அதைக் கொண்டு வந்து ஹால்ல மாட்டினா. எதை எடுத்துட்டு? கிழவியை. என் கிழவியை எடுத்து ஸ்டோர் ரூம்ல அரிசி டிரம் மேல சாத்தி வச்சிருக்கா. கேட்டா, "அந்தம்மா ரொம்ப நாள் உட்கார்ந்துட்டாங்க. கொஞ்சம் படுக்கட்டும்"ங்கறா. சிரிச்சுக்கிட்டே சொல்றா சார். அவ பேச்சே மாறிப் போச்சு. ஞாயித்துக்கிழமையானா அந்தக் கூட்டத்துக்குப் போய் நாற்காலியில உட்கார்றா. நான் போறதை விட்டுட்டேன், அவ போறா. பஜ்ஜி நாத்தத்தோட வர்றா. இருபது பேர் இருபது விதமா என் பொண்டாட்டி வாயை வரைஞ்சு வச்சிருக்கானுங்க. இதைவிட ஒரு அருவருப்பு உண்டா சொல்லுங்க.

நான் கத்தலை. நான் கத்தற ஆள் இல்லை. எப்படிப் போட்டிருக்கணும்னு போட்டுக் காட்டிடறதுன்னு முடிவு பண்ணினேன். அந்தப் படத்தைக் கழட்டி என் ரூமுக்குக் கொண்டு வந்து, வழக்கம் போலத் தலைகீழா மாட்டினேன். கட்டம் பிரிச்சேன். வாயையும் கண்ணையும் மட்டும் திருத்தி, மத்ததை அப்படியே எடுக்கறது. ஒரு ஸ்டடி. தப்பான மூலத்தைத் திருத்தற ஸ்டடி.

வேலை நடந்துக்கிட்டு இருக்கு. பின்னால மங்கை வந்து நின்னா. முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா போல, கையில தாம்பாளம். ரொம்ப நேரம் நின்னா.

"நான்தான் இங்க இருக்கேனே. என்னைப் பார்த்துப் போடலாமில்ல?"

"படம் அசையாது மங்கை. நீ அசைவே"னேன்.

"அசைய மாட்டேன். சொன்னபடி உட்கார்றேன்."

"வெளிச்சம் மாறும். இது பாதியில இருக்கு, குழப்பாதே."

பின்னால கீரை ஆயற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "ஒரு தடவை திரும்பிப் பாருங்க"னா. நான் அப்ப உதட்டோரத்து நிழல்ல இருந்தேன். ஈரம் காயறதுக்குள்ள சேர்த்தாகணும், இல்லேன்னா கோடு விழுந்துடும். இரு இருன்னேன். முடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தா ஆள் இல்லை. உள்ளே தாளிக்கற சத்தம் கேட்டுச்சு.

முடிஞ்சு நேரா நிமிர்த்தி வச்சேன். சத்தியமாச் சொல்றேன், என் வாழ்க்கையிலேயே சுத்தமான வேலை அதுதான். வாய் நேர்க்கோடு. ரெண்டு கண்ணும் அளந்து வச்ச மாதிரி. தோல் வழுவழுன்னு, ஒரு ரேகை கிடையாது. மங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பார்த்தா. கிட்டப் போய்ப் பார்த்தா. தள்ளி நின்னு பார்த்தா.

"நல்லா இருக்கா. யாருங்க இது?"

கேலி பண்றான்னு நினைச்சேன். ஆனா முகத்துல கேலி இல்லைன்னுதான் தோணுது. பால்காரர் வந்தார், அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்க தங்கச்சிங்களா?"ங்கறார். எனக்குத் தங்கச்சியே கிடையாது. யோசிச்சுப் பார்த்தேன், விஷயம் புரிஞ்சுது. மூலத்துலயே தப்பு சார். அந்த ரெஜினாவுக்கு எலும்புக் கட்டு தெரியலை. வாயை மட்டுமில்ல, மொத்த முகத்தையும் தப்பாப் போட்டிருக்கா. கோணல் இருக்கறதால நம்ம ஆளுன்னு தோணுது, கோணலை எடுத்ததும் சாயம் வெளுத்துப் போச்சு.

இப்ப தேவகோட்டையில அவ தம்பி வீட்ல காதுகுத்து. முன்னெல்லாம் கெஞ்சினாலும் போக மாட்டா. இந்தத் தடவை நாலு நாள் முன்னாலேயே கிளம்பிட்டா, அந்தப் படத்தையும் தூக்கிக்கிட்டு. மச்சான் போன்ல சொல்றார், "அத்தான், அக்கா படத்தை நடு ஹால்ல மாட்டியாச்சு, வர்றவங்க எல்லாம் அதுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கறாங்க"ன்னு. சொந்தக்காரங்க மொத்தப் பேரும் அந்தக் கோணலைப் பார்க்கப் போறாங்க. அதுக்குத்தான் இதைக் கொண்டு போறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டட்டும். பார்க்கறவங்க பார்த்துக்கட்டும். நேத்து அவகிட்டச் சொன்னேன். "நீங்க வாங்க. படம் எதுக்கு?"ன்னா. அவளுக்குப் புரியாது.

என்ன சொன்னீங்க? உங்க சித்தப்பாவுக்கும் வந்துச்சா. முகவாதமா. அவருக்கு இடது பக்கமா. ம்.

இவளுக்கா? இவளுக்கு எந்தப் பக்கம்னா... இருங்க சொல்றேன். படத்துல இந்தப் பக்கம். நாம பார்க்கும்போது இந்தக் கைப் பக்கம். அப்ப எதிர்ல உட்கார்ந்திருக்கறவளுக்கு... இருங்க, நான் தலைகீழா வச்சுப் போட்டேன் பாருங்க, அதுல இந்தப் பக்கம் அந்தப் பக்கமாப் போயிடும். நிமிர்த்தினா மறுபடி இங்க. அப்ப அவளுக்கு வலது. வலதுதான்னு நினைக்கறேன். ஆமா, வலது. இல்லேன்னாலும் என்ன, பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கறேன்னு சொல்லியிருக்கா. இறங்கினதும் பார்த்தா தெரிஞ்சிடப் போகுது.